தோட்டக் காரியாலயத்தில் கொழும்புக் கோப்பு மெதுவாகத் திறக்கிறதா? காரணம் கண்டு சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

கொழும்பு தலைமைக் காரியாலய சேர்வரில் இருக்கும் செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவு) எக்செல் கோப்பு. அளவு 4 எம்பி. பொகவந்தலாவையிலோ ஹப்புத்தளையிலோ உள்ள தோட்டக் காரியாலயத்தின் இணைப்பு 20 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 20 மெகாபிட், அதாவது 2.5 எம்பி). கணக்குப்படி இரண்டு செக்கனுக்குள் வந்துவிட வேண்டும். ஆனால் திறக்க முக்கால் நிமிடம் ஆகிறது. சம்பளக் கணக்கு முடிக்கும் நாளில் ஐம்பது தடவை திறந்தால் அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருப்பிலேயே போகும். சேமிக்கும் நேரம் அதற்கு மேல்.

இந்த நிலையில் பல காரியாலயங்கள் இன்னும் பெரிய பெக்கேஜ் ஒன்றுக்கு மாறுகின்றன. பெரும்பாலும் அந்தப் பணம் வீண்தான். 20 எம்பிபிஎஸ் 100 ஆனாலும் கோப்பு அதே நேரத்தில்தான் திறக்கும். பிரச்சினை எங்கே என்று அளந்து பார்த்த பிறகே காசு செலவழிக்க வேண்டும். அளப்பதற்குச் செலவில்லை, ஒரு மணித்தியாலம் போதும்.

வேகம் வேறு, தாமதம் வேறு

விண்டோஸ் கணினி சேர்வரில் உள்ள கோப்பைத் திறக்க எஸ்எம்பி என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. அது கோப்பை ஒரே மூச்சில் கொண்டுவருவதில்லை. ஃபோல்டர் இருக்கிறதா, அனுமதி உண்டா, கோப்பின் அளவென்ன, வேறு யாரும் திறந்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எக்செல் தன் பங்குக்கு, யார் திறந்திருக்கிறார் என்று எழுதிவைக்கும் சிறிய மறைகோப்பு ஒன்றை அதே ஃபோல்டரில் உருவாக்கும். பிறகுதான் உள்ளடக்கத்தைத் துண்டு துண்டாக வாசிக்கும். பல கேள்விகளுக்கு, முந்தையதன் பதில் வராமல் அடுத்ததைக் கேட்க முடியாது. தொழிற்சாலைக்கும் டிவிஷனுக்கும் இடையே ஒரு தடவைக்கு ஒரே ஒரு துண்டுச் சீட்டோடு ஓடும் ஆளை நினைத்துப் பாருங்கள்: பாதையை அகலமாக்கினாலும் அவர் சீக்கிரம் வரப் போவதில்லை.

ஒரு கோப்பைத் திறக்க 400 தடவை கேள்வியும் பதிலும் போய்வர வேண்டும் என்று வைப்போம். காரியாலயத்துக்குள்ளேயே சேர்வர் இருந்தால் ஒரு போய்வரவுக்கு அரை மில்லி செக்கன், மொத்தம் 0.2 செக்கன். அதுவே 60 மில்லி செக்கன் தாமதமுள்ள இணைப்பில் 24 செக்கன். பெக்கேஜின் வேகம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

தூரத்தையும் குறை சொல்ல முடியாது. நுவரெலியாவிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி செக்கனில் சுமார் 200 கிலோமீற்றர் போகும். கேபிள் வளைந்து வளைந்து போனாலும் போய்வர இரண்டு மூன்று மில்லி செக்கன் போதும். மிச்சம் எல்லாம் நடுவில் சேருவது: 4ஜி ரேடியோ, பழைய செப்புக் கம்பி ஏடிஎஸ்எல், நிரம்பி வழியும் அப்லோட், அல்லது கொழும்புக்குப் போக வேண்டியதைச் சிங்கப்பூர் வழியாகச் சுற்றவிடும் வீபிஎன் (இரு காரியாலயங்களையும் இணையத்துக்குள்ளால் இணைக்கும் பாதுகாப்பான தனிப் பாதை). நடுவில் சேர்ந்தது என்பதால் இதில் பெரும் பகுதியைக் குறைக்கவும் முடியும்.

படி 1: மூன்று நேரங்களை எழுதுங்கள்

ஒரே கோப்பு, ஒரே கணினி, கையில் ஒரு ஸ்டொப் வோச்.

முதலில் கோப்பைச் சேர்வரிலிருந்து நேராகத் திறந்து நேரம் பாருங்கள். அடுத்து அதை மேசைத்தளத்துக்குப் பிரதி எடுக்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். மூன்றாவதாக அந்தப் பிரதியைத் திறந்து பாருங்கள். முதல் தடவை வாசித்தது கணினியின் நினைவில் தங்கியிருக்கலாம். அதனால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் கணினியை மீண்டும் தொடக்கிவிடுவது நல்லது.

பிரதியே மெதுவாகத் திறந்தால் வலையமைப்பை விட்டுவிடுங்கள். கோப்புக்குள் அல்லது கணினிக்குள் கோளாறு, படி 3க்குப் போகலாம். பிரதி எடுப்பதே மெதுவென்றால் லைன் கோளாறு, படி 4. பிரதி சீக்கிரம் வருகிறது, உடனே திறக்கிறது, ஆனால் சேர்வரிலிருந்து நேராகத் திறந்தால் மட்டும் இழுக்கிறது என்றால் அதுதான் போய்வரவுத் தாமதம். மலையகத் தோட்டங்களில் அதிகம் காணப்படுவது இந்த மூன்றாவது வகை. ஆனாலும் படி 3ஐத் தாண்டிவிட வேண்டாம். தாமதம் உள்ள லைனில், கணினிக்குள் இருக்கும் சின்னக் கோளாறும் பல மடங்கு பெரிதாகித் தெரியும்.

படி 2: தாமதத்தை அளத்தல்

சேர்வரின் ஐபி முகவரிக்கு 100 தடவை பிங் (பதில் திரும்ப எத்தனை மில்லி செக்கன் என்று காட்டும் கட்டளை) அனுப்பி சராசரி, அதிகபட்சம், தொலைந்தவை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை இரண்டு தடவை செய்ய வேண்டும்: காலையில் வேலை தொடங்கும் முன் ஒரு தடவை, எல்லோரும் வேலை செய்யும் நேரத்தில் ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியமான தடயம்.

காலையில் சராசரி 40 மில்லி செக்கன், நண்பகலில் 600 என்றால் அப்லோட் வரிசை நிரம்புகிறது. இரண்டு நேரமும் சீராக 90 என்றால் பாதை சுற்றுகிறது அல்லது ரேடியோ சிக்னல் சரியில்லை. சராசரி நன்றாக இருந்தும் நூற்றுக்கு இரண்டு மூன்று தொலைந்தால், வேறு எதையும் தொடும் முன் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். தொலைந்த பொதியை (தரவுத் துண்டை) மீண்டும் அனுப்பும் வரை, எஸ்எம்பியைச் சுமந்து செல்லும் டிசிபி நெறிமுறை காத்திருக்கும், அதோடு வேகத்தையும் தானே குறைத்துக்கொள்ளும்.

அடுத்தது ஐபெர்ஃப் 3. இரு முனைகளுக்கு இடையிலான வேகத்தை அளக்கும் இலவசக் கருவி. வீபிஎன்னுக்கு உள்ளே, இரு திசையிலும் ஓட்டுங்கள். பொதுவான ஸ்பீட் டெஸ்ட் இங்கே உதவாது. அது அருகிலுள்ள ஏதோ ஒரு சேர்வரை அளக்குமே தவிர உங்கள் சேர்வருக்கான பாதையை அளக்காது. அப்லோட் அளவைத் தனியாக எழுதிவையுங்கள். ஏடிஎஸ்எல் லைனில் அப்லோட் 1 எம்பிபிஎஸ் அளவில்தான் இருக்கும். எக்செல் சேமிக்கும்போது மாற்றிய பகுதியை மட்டும் அனுப்புவதில்லை. முழுக் கோப்பையும் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, பிறகு பெயர் மாற்றுகிறது. 5 எம்பி கோப்பை 1 எம்பிபிஎஸ் அப்லோட்டில் ஒரு தடவை சேமிக்கக் குறைந்தது 40 செக்கன் வேண்டும். தோட்டத்தில் சேர்வர் இருந்து கொழும்பில் இருப்பவர்கள் திறந்தாலும் இதே கதைதான், அப்போது திறப்பதும் தோட்டத்தின் அப்லோட் வழியாகவே நடக்கும்.

படி 3: கணினிக்குள் ஒளிந்திருக்கும் காரணங்கள்

இல்லாத பிரிண்டர். வேர்டும் எக்செலும் ஆவணத்தைத் திறக்கும்போது இயல்புநிலை பிரிண்டரின் விவரங்களைக் கேட்கும். அந்தப் பிரிண்டர் கொழும்பில் இருந்தாலோ, எப்போதோ கழற்றிய பிரிண்டரின் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தாலோ, பதில் வரும் வரை திறக்காது. ‘மைக்ரோசொஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ஐ இயல்புநிலையாக வைத்து ஒரு தடவை திறந்து பாருங்கள். வித்தியாசம் உடனே தெரிந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. இயல்புநிலை பிரிண்டரை விண்டோஸே தெரிவு செய்யும் வசதியையும் நிறுத்திவிடுங்கள்.

செத்துப்போன சேர்வரின் பெயர். பழைய கடித மாதிரியிலிருந்து உருவான வேர்ட் ஆவணம், அந்த டெம்ப்ளேட் இருந்த பாதையைத் தன்னுள் வைத்திருக்கும். சேர்வரை மாற்றி வருடங்கள் ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பழைய பெயரைத் தேடி, கிடைக்காமல் களைத்த பிறகுதான் ஆவணத்தைக் காட்டும். டெவலப்பர் தாவலில் டொகியுமென்ட் டெம்ப்ளேட் என்பதில் பாதையைப் பார்த்து, ‘நோர்மல்’ டெம்ப்ளேட்டுக்கு மாற்றலாம். எக்செலில் இதே நோய் வெளித் தொடுப்புகளாக வரும்: பச்சைக் கொழுந்து கணக்குத் தாள் உரக் கணக்குத் தாளைப் பார்க்கும், அது சென்ற வருடக் கோப்பைப் பார்க்கும். டேட்டா தாவலில் தொடுப்புகளின் பட்டியலைத் திறந்து, தேவையில்லாதவற்றை முறித்துவிடுங்கள். நேம் மனேஜருக்குள் ஒளிந்திருக்கும் தொடுப்புகளையும் பார்க்க மறக்க வேண்டாம். தேவையான தொடுப்புகள் ஒரே சேர்வருக்குள் இருக்கட்டும்.

பெயர் தேடல். சேர்வரைப் பெயரால் திறக்கும் நேரத்தையும் ஐபி முகவரியால் திறக்கும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். ஐபியால் சீக்கிரம் திறந்தால் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் சேவை) சரியில்லை. தோட்டத்து ரவுட்டர் முதல் டிஎன்எஸ்ஸாகக் கொழும்பு டொமைன் சேர்வரையும், இரண்டாவதாக இணைய நிறுவனத்தினதையும் கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டாவதற்கு உங்கள் சேர்வரின் பெயர் தெரியாது. அதனால் சில நேரம் சரியாகவும் சில நேரம் இழுத்துக்கொண்டும் இருக்கும். சேர்வர் பெயர்களுக்கான கேள்விகளை மட்டும் கொழும்புக்கு அனுப்பி, மற்றவற்றை இணைய நிறுவனத்துக்கு அனுப்பும்படி ரவுட்டரிலேயே அமைப்பதுதான் சரி. ஐபி முகவரியை நிரந்தரமாகப் பாவிக்க வேண்டாம். டொமைனில் உள்ள கணினிகள் அப்போது கெர்பரோஸ் என்ற பாதுகாப்பான அடையாள முறையை விட்டு பழைய முறையில் அடையாளம் காட்டத் தொடங்கும்.

ஃபோல்டர். கொழுந்துச் சீட்டு ஸ்கேன்கள் நாலாயிரம் ஒரே ஃபோல்டரில் இருந்தால் பட்டியல் வருவதற்கே நேரம் எடுக்கும். வருடம், மாதம் என்று பிரியுங்கள். முன்னோட்டப் பலகையையும் சிறுபடங்களையும் நிறுத்துங்கள். அவை நீங்கள் திறக்காத கோப்புகளையும் வாசிக்கும். ஃபோல்டர் வகையை ‘பொதுவானவை’ என்று மாற்றிவிடுங்கள்.

அன்டிவைரஸ். சேர்வரில் ஏற்கனவே பரிசோதனை நடக்கிறது என்பது உறுதியானால், தோட்டக் கணினியில் வலையமைப்புக் கோப்புகளைப் பரிசோதிப்பதை மட்டும் நிறுத்தலாம். அந்த உறுதி இல்லாமல் நிறுத்தாதீர்கள்.

படி 4: லைனும் வீபிஎன்னும்

முதல் வேலை அப்லோட்டைக் காப்பாற்றுவது. சிசிடிவி கமரா இணையத்துக்கு ஏற்றுவது, கைப்பேசிகள் வைஃபை கிடைத்ததும் படங்களை ஏற்றுவது, விண்டோஸ் அப்டேட், இந்த மூன்றும்தான் பெரும்பாலும் வரிசையை நிரப்புபவை. ரவுட்டரில் கியூ (பொதிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் ஒழுங்கு) அமைத்து, அளந்த வேகத்தின் 85 முதல் 90 வீதத்துக்கு மட்டுப்படுத்துங்கள். மைக்ரோடிக் ரவுட்டர் என்றால் ரவுட்டர்ஓஎஸ் 7இல் கேக், எஃப்கியூ-கோடல் என்ற கியூ வகைகள் இரண்டும் உண்டு. 4ஜி இணைப்பின் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும். அங்கே 70 வீதம் அளவில் வைப்பது பாதுகாப்பு. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து 600 மில்லி செக்கனை 60க்குக் கொண்டுவருவது எப்போதுமே இலாபம்.

அடுத்து வீபிஎன்னின் பாதை. கிளவுட் வழியாக இயங்கும் சேவை என்றால் அதன் சேர்வர் எந்த நாட்டில் என்று பாருங்கள். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர்; ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போக அங்கே போய்த் திரும்புவது எந்தக் கோப்புக்கும் தேவையில்லை. தலைமைக் காரியாலயத்துக்கு ஒரு நிலையான பொது ஐபி வாங்கி, தோட்டத்திலிருந்து நேராக அங்கே இணையுங்கள். 4ஜி சிம்முக்குப் பொது ஐபி பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பது இங்கே தடையல்ல. இணைப்பைத் தொடங்குவது தோட்டத்துப் பக்கமாக இருந்தால் போதும். வயர்கார்ட் என்ற வீபிஎன் பாவித்தால் தோட்டத்துப் பக்கத்தில் கீப்அலைவை (இணைப்பு மூடாமல் இருக்க இடைக்கிடை அனுப்பும் சிறு பொதி) 25 செக்கன் என்று வையுங்கள்.

டிசிபி வழியாக ஓடும் வீபிஎன்னைத் தவிர்க்க வேண்டும். எஸ்எம்பியும் டிசிபிதான், ஒன்றுக்குள் ஒன்று வைத்தால், ஒரு பொதி தொலைந்ததும் இரண்டு அடுக்கும் தனித்தனியே மீண்டும் அனுப்ப முயன்று லைனை அடைத்துவிடும். ரவுட்டர்ஓஎஸ் 6இல் ஓபன்வீபிஎன் டிசிபியில் மட்டுமே ஓடியது. பழைய அமைப்பு அப்படியே இருந்தால் 7க்கு மாறி, தானாக மீண்டும் அனுப்ப முயலாத யூடிபி நெறிமுறையில் ஓடும் வயர்கார்டுக்குப் போங்கள்.

எம்டியூ. ஒரு பொதி பாதையில் துண்டாகாமல் போகக்கூடிய அதிகபட்ச அளவு இது. சிறு கோப்புகள் திறக்கின்றன, பெரியவை பாதியில் உறைகின்றன என்றால் இதைச் சந்தேகியுங்கள். பிங் கட்டளையில் ‘துண்டாக்காதே’ தெரிவோடு 1472 பைட்டில் தொடங்கி, பதில் வரும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். பதில் வந்த அளவோடு 28ஐக் கூட்டினால் அந்தப் பாதையின் எம்டியூ. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஈ லைனில் அது 1492. வயர்கார்டின் வழமையான அளவு 1420, 4ஜி பாதையில் இன்னும் குறைக்க வேண்டி வரலாம். ரவுட்டரில் எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பொதியில் அடங்கும் தரவின் அதிகபட்சம்) அளவை எம்டியூவை விட 40 குறைவாகக் கட்டுப்படுத்தினால் உறைவது நின்றுவிடும்.

வீபிஎன் வேண்டாம், எஸ்எம்பியின் 445ஆம் போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். 2017 மே மாதத்தில் வொனாக்ரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் உலகம் முழுவதும் பரவியது எஸ்எம்பியின் முதற் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

அந்த முதற் பதிப்பு மெதுவானதும்கூட. பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து கெட்-எஸ்எம்பிகனெக்ஷன் கட்டளையைக் கொடுத்தால் டயலெக்ட் என்ற நிரலில் பதிப்பு தெரியும். 3.1.1 என்று இருந்தால் சரி. 1.5 என்று காட்டினால் சேர்வரோ நாஸ் பெட்டியோ (வலையமைப்பில் கோப்புகளை வைக்கும் சேமிப்புப் பெட்டி) மிகப் பழையது. அதை மாற்றாமல் மற்ற எதைச் செய்தும் பெரிய பலன் இல்லை. பதிப்பு 2இலிருந்து பல கேள்விகளை ஒன்றாக அனுப்பவும், 2.1இலிருந்து ஒரு தடவையில் 1 எம்பி வரை வாசிக்கவும் முடியும்.

படி 5: கோப்பு எங்கே இருக்க வேண்டும்

மேலே சொன்ன எல்லாம் செய்த பிறகும் தாமதம் 50 மில்லி செக்கனுக்கு மேல் நின்றால், லைனோடு மல்லுக்கட்டுவதை விட்டு வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டும். இந்த முடிவு கோப்பின் வகையைப் பொறுத்தது. எல்லாக் கோப்புக்கும் ஒரே தீர்வு தேடுவதுதான் பல இடங்களில் காசையும் காலத்தையும் தின்கிறது.

அக்சஸ் தரவுத்தளம், கோப்பு அடிப்படையிலான கணக்கு மென்பொருள்: இவற்றை வீபிஎன் வழியாகத் திறக்கவே கூடாது. மெதுவென்பது மட்டுமல்ல, எழுதும் நடுவில் இணைப்பு அறுந்தால் தரவுத்தளமே பழுதாகும். மழைக்காலத்தில் நாளுக்குப் பல தடவை மின்சாரம் போய்வரும் இடத்தில் இது கட்டாயம் நடக்கும். மென்பொருள் சேர்வர் பக்கத்திலேயே ஓடட்டும், தோட்டத்துக்குத் திரை மட்டும் வரட்டும்; ரிமோட் டெஸ்க்டொப் அல்லது ரிமோட்ஆப் அதற்குத்தான். சாதாரண காரியாலய வேலைக்குச் சில நூறு கேபிபிஎஸ் போதும், 100 மில்லி செக்கன் தாமதத்திலும் தட்டச்சு செய்யலாம். தோட்டத்தில் மின்சாரம் போனாலும் கொழும்பில் செஷன் அப்படியே நிற்கும், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மலையகத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

இதில் சறுக்கும் இடங்கள் மூன்று. விண்டோஸ் சேர்வரில் உரிமம் இல்லாமல் நிர்வாக வேலைக்கு இரண்டு செஷன் மட்டுமே கிடைக்கும், மற்றவர்களுக்கு ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டொப் சேவை) உரிமம் வாங்க வேண்டும். சம்பளச் சீட்டுகளை நேராகத் தோட்டத்துப் பிரிண்டருக்கு அனுப்பினால் லைன் அடைபடும். அங்கேயே பிடிஎஃப் ஆக்கி, இறக்கி அச்சடியுங்கள். பாமினி எழுத்துருவில் உள்ள பழைய கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவும் தமிழ் விசைப்பலகையும் தோட்டத்துக் கணினியில் இருந்தால் மட்டும் பயனில்லை, சேர்வரில் நிறுவப்பட வேண்டும்.

தோட்டத்தில் எழுதி, கொழும்பில் வாசிக்கும் கோப்புகள்: செக்ரோல், பச்சைக் கொழுந்துப் பதிவு, தொழிற்சாலை நாளாந்த அறிக்கை எல்லாம் இந்த வகை. எழுதுபவர் பக்கத்திலேயே கோப்பு இருக்கட்டும். தோட்டத்தில் இரண்டு டிஸ்க் கொண்ட சிறிய நாஸ் பெட்டி ஒன்று, அதிலிருந்து இரவில் கொழும்புக்கு ஒருவழிப் பிரதி, கொழும்பில் வாசிக்க மட்டும் அனுமதி. வீடு மாறிய கோப்பு மறுநாளே சட்டெனத் திறக்கும், கொழும்புப் பிரதி காப்புப் பிரதியாகவும் உதவும். இருபக்கமும் விண்டோஸ் சேர்வர் என்றால் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் இதைச் செய்யும். ஆனால் அது கோப்பைப் பூட்டாது. இரு பக்கமும் ஒரே கோப்பைத் திருத்தினால் கடைசியாகச் சேமித்தவரின் பிரதி நிற்கும், மற்றவரின் வேலை மோதல் ஃபோல்டருக்குள் போய்விடும். அதனால்தான் எழுதுவது ஒரு பக்கம் மட்டும் என்ற கண்டிப்பு.

இரு பக்கமும் திருத்தும் கோப்புகள்: வரவு செலவுத் திட்டம் போன்றவை. ஷெயார்பொயின்ட் அல்லது வன்டிரைவ் நல்லது. பிரதி கணினியிலேயே இருப்பதால் உடனே திறக்கும், இருவர் ஒரே நேரத்தில் எழுதலாம். பழைய எக்செல் வடிவத்தில் உள்ள கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றாவிட்டால் இணைந்து எழுத முடியாது. கடவுச்சொல் போட்டுத் திறக்கும் கோப்புகளுக்கும் அதே தடை.

பலர் வாசிக்கும், அரிதாக மாறும் கோப்புகள்: சுற்றறிக்கைகள், படிவங்கள், வரைபடங்கள். விண்டோஸின் பிராஞ்ச்கேஷ் வசதி இதற்கு ஏற்றது. முதலாமவர் திறக்கும்போது கொழும்பிலிருந்து வரும், அடுத்தவர்களுக்குப் பக்கத்துக் கணினியிலிருந்தே கிடைக்கும். கணினிகளில் விண்டோஸ் என்டர்பிரைஸ் அல்லது எடியுகேஷன் பதிப்பு வேண்டும். தாமதம் 80 மில்லி செக்கனைத் தாண்டினால்தான் அது வேலை தொடங்கும் என்பது இயல்புநிலை. உங்கள் லைன் 60 என்றால் நிறுவிய பின்னும் எந்த மாற்றமும் தெரியாது. குரூப் பொலிசியில் அந்த எல்லையை 20க்கு இறக்குங்கள்.

தொழிற்சாலைக்கும் காரியாலயத்துக்கும் இடையே

எல்லாக் குற்றமும் கொழும்பு லைனில் இல்லை. ஈதர்நெட் செப்புக் கேபிளின் எல்லை 100 மீற்றர். தொழிற்சாலை அதைவிடத் தூரத்தில் இருந்தால், நடுவில் ஸ்விட்ச் வைத்து வைத்து நீட்டுவதற்குப் பதில் சிங்கிள் மோட் ஃபைபர் ஒன்றும் இரு முனையில் மீடியா கன்வர்ட்டரும் போடுங்கள். மின்னல் அதிகமாக இருக்கும் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் செப்புக் கேபிள் இடியைக் கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குக் கடத்தும். உலோகக் கவசம் இல்லாத ஃபைபர் கடத்தாது.

மலை விட்டு மலைக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ போட்டிருந்தால் மரங்களைப் பாருங்கள். 3 கிலோமீற்றர் தூரத்துக்கு, நடுவழியில் பார்வைக் கோட்டைச் சுற்றி 6 மீற்றர் ஆரம் தேவை. அதில் 60 வீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். எதிர் மலை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைப்பது தவறு. யூகலிப்டஸ் சீக்கிரம் வளரும். பொருத்திய வருடம் நன்றாக ஓடிய லிங்க் பின்னர் மழை நாளில் மட்டும் பொதிகளைத் தொலைக்கத் தொடங்கும், ஏனெனில் நனைந்த இலை சிக்னலை இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

தொழிற்சாலைக்குள் ஸ்விட்ச்சை மின்விசிறி இல்லாத வகையாக வாங்கி மூடிய பெட்டிக்குள் வையுங்கள். தேயிலைத் தூசி விசிறியை அடைத்து, சூடேறி, ஸ்விட்ச் தானாக மீளத் தொடங்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது அது கோப்பு உறைவது போலத்தான் தெரியும். ரவுட்டர், ரேடியோ, ஃபைபர் பெட்டி மூன்றுக்கும் சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் போட்டுவிட்டால், ஒரு நிமிட மின்தடைக்காக வீபிஎன் அறுந்து கோப்புகள் பூட்டிய நிலையில் தொங்குவது நிற்கும்.

கடைசியில் தொட வேண்டியவை

எஸ்எம்பி கிளையன்டில் பான்ட்வித் த்ரொட்லிங் என்ற ஒரு தெரிவு உண்டு. தாமதம் அதிகமான இணைப்பில் அது வேகத்தைக் குறைக்கும். செட்-எஸ்எம்பிகிளையன்ட்கொன்ஃபிகரேஷன் கட்டளையால் அதை நிறுத்திப் பார்க்கலாம், பெரிய கோப்புகளில் பலன் தெரியும். ஃபோல்டர் விவரங்களை 10 செக்கன் நினைவில் வைத்திருக்கும் அளவைக் கூட்டினால் பட்டியல் சீக்கிரம் வரும். ஆனால் மற்றவர் புதிதாகப் போட்ட கோப்பு தெரியத் தாமதமாகும், எனவே 30க்கு மேல் போக வேண்டாம். எஸ்எம்பி சைனிங்கை (செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் கையொப்பத்தை) வேகத்துக்காக நிறுத்தச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள்: விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே கட்டாயம், 60 மில்லி செக்கன் லைனில் அதனால் கூடும் நேரம் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு படி 1இன் மூன்று நேரங்களையும் மீண்டும் எடுத்து, திகதியோடு ஒரு தாளில் எழுதி ரவுட்டர் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள்.